எந்தப் புள்ளியை நம்புவது?

கேள்வி:

என் மூத்த மகள் பல்கலைக்கழகத்துக்குப் போக எழுதும் உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் பிரிவில் படிக்கிறாள். இந்த வருடம் முதல் தடவையாக எழுதுகிறாள். மருத்துவ பீடம்தான் வேண்டும் என்று நிற்கிறாள். பௌதிகவியலுக்குப் பாடசாலைத் தவணைப் பரீட்சையில் 46 புள்ளி. தொண்டைமானாறு வெளிக்கள நிலையப் பரீட்சையில் 54. யாழ்ப்பாணத்தில் போகும் ரியூசனில் வைத்த மாதிரிப் பரீட்சையில் 71. வீட்டில் தானே செய்து பார்க்கும் கடந்தகால வினாத்தாள்களில் 80க்குக் குறையாது என்கிறாள். மற்ற இரண்டு பாடத்திலும் இதே கதைதான். ஒரு நாள் 80ஐப் பார்த்துத் துள்ளுகிறாள், அடுத்த நாள் 46ஐப் பார்த்து அழுகிறாள். இதில் எது அவளுடைய உண்மையான புள்ளி? என் வீட்டுக்காரர் கமம் செய்கிறார். கடைசி மூன்று மாதமும் யாழ்ப்பாணத்தில் அறை எடுத்து விட்டால்தான் சரிவரும் என்று பலரும் சொல்கிறார்கள். கடன் பட்டாவது அனுப்பத்தான் வேண்டுமா?

– ஒரு தாய், புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

நான்கு புள்ளிகளுமே உங்கள் மகள் எடுத்தவைதான். ஒன்றும் பொய்யில்லை. ஆனால் நான்கும் வெவ்வேறு நிலைமையில் எடுத்தவை. பரீட்சை மண்டபத்தின் நிலைமைக்கு எது கிட்ட நிற்கிறதோ அதற்குத்தான் மதிப்புக் கூட. அப்படிப் பார்த்தால் நான் முதலில் கையில் எடுப்பது 54ஐ. கடைசியாக எடுப்பது 80ஐ. ஏன் என்று சொல்கிறேன்.

அடுத்த முறை மகள் வீட்டில் வினாத்தாள் செய்யும்போது ஒருதரம் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். மேசையில் ஃபோன் இருக்கிறதா? பெருக்கல், வகுத்தலை அதில் தட்டிப் பார்க்கிறாளா? பௌதிகவியலிலும் இரசாயனவியலிலும் மண்டபத்தில் கணிப்பான் பாவிக்க விடமாட்டார்கள். பல்தேர்வில் 50 வினாவுக்கு 2 மணித்தியாலம், அதாவது ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 24 செக்கன். அந்த நேரத்துக்குள் தசமக் கணக்கைக் கையால் செய்து முடிப்பதே தனித் திறமை. வீட்டில் இடையில் எழும்பித் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து, சந்தேகம் வந்த இடத்தில் கொப்பியை ஒருக்கால் புரட்டிப் பார்த்து, பிறகு தானே புள்ளி போட்டு எடுத்த 80ஐ வைத்து எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அவள் ஏமாற்றுகிறாள் என்று நான் சொல்லவில்லை. தன் விடையைத் தானே திருத்துகிற எந்தப் பிள்ளையும் ‘நான் நினைத்தது இதைத்தான்’ என்று தனக்கு ஒரு புள்ளி போட்டுக்கொள்ளும். உயிரியல் கட்டுரையில் திருத்துபவர் புள்ளியிடும் திட்டத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கருத்தாகத் தேடுவார். எழுதியது இருந்தால் புள்ளி, நினைத்தது மட்டும் இருந்தால் இல்லை.

கடந்தகால வினாத்தாளில் இன்னொரு சிக்கல். அதில் பாதி வினாக்களை அவள் ஏற்கெனவே வகுப்பில் செய்திருப்பாள். ரியூசன் மாதிரிப் பரீட்சையிலும் அதேதான். ஆசிரியர் தன் ரியூட்டில் (வகுப்பில் கொடுக்கும் பயிற்சித் தாளில்) கொடுத்த வினாவையே இலக்கத்தை மாற்றிப் போடுவது வழக்கம். தெரிந்த முகங்களைக் கண்ட துணிவில் வந்த 71 அது. இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது, அரை மணித்தியாலம் போதும். அந்த 71 புள்ளித் தாளை எடுத்து, முன்பு எங்கேயாவது கண்ட வினா ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். பிறகு கோடு இல்லாதவற்றை மட்டும் எண்ணுங்கள். 50 பல்தேர்வில் 38 சரி என்று வைத்துக்கொள்வோம், அது 76 வீதம். கண்ட வினா 20, அதில் 19 சரி. காணாத வினா 30, அதில் 19 சரி. அப்படியென்றால் காணாத வினாவில் அவள் நிற்கும் இடம் 63 வீதம். மண்டபத்தில் வரப்போகிறவை பெரும்பாலும் காணாத வினாக்கள். ஆகவே எனக்கு வேண்டியது அந்த 63.

ஊகித்து எழுதிய விடைகளுக்கும் இப்படி ஒரு அடையாளம் வைக்கச் சொல்லுங்கள். பிழைக்குப் புள்ளி வெட்டாததால் மண்டபத்தில் ஒரு வினாவையும் விடாமல் எழுதத்தான் வேண்டும். ஐந்து விடையில் ஒன்று என்பதால் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் ஐந்துக்கு ஒன்று சரிவரும். ஆனால் வீட்டில் அந்த அதிர்ஷ்டத்தை அறிவென்று எண்ணிவிட்டால், எந்த அலகைத் திரும்பப் படிக்க வேண்டும் என்பது மறைந்துபோகும்.

54 எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம், வெளிக்கள நிலையத் தாளை வடக்கின் பல பாடசாலைகள் சேர்ந்து எழுதுகின்றன. வினாவைத் தயாரித்தவருக்கு உங்கள் மகளைத் தெரியாது, அவளுக்கும் வினாவைத் தெரியாது. நேரம் பார்க்க ஒருவர் நிற்கிறார். கணிப்பான் இல்லை. வரப்போகும் பரீட்சைக்கு இதைவிடக் கிட்டவாக ஒன்று வன்னியில் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைப்பது கடினம்.

46ஐ அப்படியே தள்ளிவிட வேண்டாம், அதைப் பிரித்துப் பாருங்கள். வன்னிப் பாடசாலைகளில் பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் ஆசிரியர் இல்லாமல் தவணைகள் கழிவது எங்களுக்குப் புதிதில்லை. படிப்பித்து முடியாத அலகிலிருந்து வந்த வினாவில் போன புள்ளி, அந்த அலகைப் படித்ததும் திரும்பி வரும். தெரிந்த அலகில் அவசரத்தால் போன புள்ளி தானாகத் திரும்பாது, அதற்கு நேரம் வைத்துப் பழக வேண்டும். படித்தும் விளங்காமல் போனது மூன்றாவது வகை. அதற்கு ஒரு ஆசிரியர் முன்னால் இருக்க வேண்டும். 46 என்ற இலக்கத்தைவிட, அதில் இழந்த 54 புள்ளியும் இந்த மூன்றில் எதற்குள் எவ்வளவு விழுந்தது என்பதுதான் மகளின் பரீட்சையைப் பற்றிச் சொல்லும். இரசாயனவியலில் 31 முதல் 50 வரையான பல்தேர்வைத் தனியாகப் பாருங்கள். உயிரியலில் 41 முதல் 50 வரை. கூற்றுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டிய வினாக்கள் அவை. ஒரு கூற்றில் தடுமாறினாலும் முழு வினாவும் போய்விடும். மாதிரித் தாளில் நன்றாக எடுத்த பிள்ளைகள் மண்டபத்தில் வழுக்கும் இடம் பெரும்பாலும் இதுதான்.

இனி, ஒரு தாளின் புள்ளி எவ்வளவு ஆடும் என்று பார்ப்போம். பாடத்தில் 70 வீதம் தெரிந்த ஒரு பிள்ளை, சம தரமான இரண்டு பல்தேர்வுத் தாள்களை அடுத்தடுத்த நாளில் எழுதினால் இரண்டிலும் 35 சரிவரும் என்று நினைக்காதீர்கள். எந்த வினா அமைகிறது என்ற வாய்ப்பினால் மட்டுமே 50 வினாத் தாளில் மூன்று வினா கூடலாம், குறையலாம். 32 எடுத்தாலும் 38 எடுத்தாலும் அதே பிள்ளைதான், அதே அறிவுதான். நூற்றுக்குப் பார்த்தால் 64க்கும் 76க்கும் இடையில் ஆடுகிறது. மூன்றில் ஒரு தடவை அதையும் தாண்டி ஆடும். உங்கள் வீட்டுக்காரருக்கு இது விளங்கும்: வரம்போரம் நிற்கும் நெற்கதிரை மட்டும் பார்த்து விளைச்சலைச் சொல்ல முடியாது, நாலு இடத்தில் இறங்கிப் பார்க்க வேண்டும். நாலு தாளின் சராசரியை எடுத்தால் அந்த ஆட்டம் பாதியாகும். அதனால்தான் ஒரு நாள் துள்ளலும் அடுத்த நாள் அழுகையும் தேவையில்லை என்கிறேன். எடுத்ததிலேயே கூடிய புள்ளியை ‘இதுதான் அவள்’ என்று ஊருக்குச் சொல்லுவதும் வேண்டாம். ஆகக் கூடிய புள்ளியில் அதிர்ஷ்டத்தின் பங்கு எப்போதும் கூட.

சரி, மகள் பௌதிகவியலில் 60 எடுப்பாள் என்று திட்டவட்டமாகத் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது போதுமா? போதாது. பல்கலைக்கழகம் பார்ப்பது இசட் புள்ளியை. ஒரு பாடத்தில் அவள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியையும் கழித்து, வருவதை நியம விலகலால் (எல்லோருடைய புள்ளியும் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து நிற்கிறது என்ற அளவால்) வகுக்கிறார்கள். மூன்று பாடத்துக்கும் இப்படிக் கண்டு சராசரி எடுக்கிறார்கள். உதாரணமாக, சராசரி 45, நியம விலகல் 15 என்றால் 60 புள்ளிக்கு இசட் 1.0. தாள் கடினமாகி சராசரி 36க்கு இறங்கி, விலகல் 16 ஆனால் அதே 60க்கு 1.5. புள்ளி மாறவில்லை, இடம் மாறிவிட்டது. ஆகவே மாதிரிப் பரீட்சை முடிந்ததும் ‘எத்தனை எடுத்தாய்’ என்பதோடு ‘மற்றப் பிள்ளைகள் எத்தனை எடுத்தார்கள்’ என்றும் கேளுங்கள். பத்துப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் முதலாம் இடம் அதிகம் சொல்லாது. பல பாடசாலைகள் எழுதிய தாளில் அவள் எந்த இடத்தில் நிற்கிறாள் என்பது நிறையச் சொல்லும். அதுகூட வடக்குப் பிள்ளைகளுக்குள்தான். நாடு முழுவதும் எழுதுகிறவர்களுக்குள் எங்கே என்று அதிலிருந்து நேராகக் கணக்கெடுக்க முடியாது.

இதற்கு உதவும் ஒரு நல்ல பொருளை எங்கள் பிள்ளைகள் போதியளவு பாவிப்பதில்லை. பரீட்சைத் திணைக்களம் ஒவ்வொரு பாடத்துக்கும் மதிப்பீட்டு அறிக்கை வெளியிடுகிறது. கடந்தகாலத் தாளின் ஒவ்வொரு பல்தேர்வு வினாவையும் எத்தனை வீதம் பேர் சரியாகச் செய்தார்கள் என்று அதில் பார்க்கலாம். நாட்டில் பெரும்பாலானவர்கள் சரியாகச் செய்த வினாவில் மகள் பிழைத்தால் அது அவசரமாக அடைக்க வேண்டிய ஓட்டை. நாலில் ஒருவர்கூடச் செய்யாத வினாவில் பிழைத்தால் அதற்காக ஒரு இரவைக் கெடுக்கத் தேவையில்லை. தாள் தேடும்போது 2019ஆம் ஆண்டின் புதிய பாடத்திட்டத் தாளையும் அதற்குப் பிந்தியவற்றையும் பாருங்கள். அந்த ஆண்டிலிருந்துதான் புதிய பாடத்திட்டத்தில் பரீட்சை நடக்கிறது. அதற்கு முந்திய உயிரியல் தாள்களில் வரும் புள்ளி உங்களைக் குழப்பும்.

வெட்டுப்புள்ளி, அதாவது இடம் கிடைக்கத் தேவையான ஆகக் குறைந்த இசட் புள்ளி, பற்றியும் சொல்ல வேண்டும். 40 வீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா நான்கும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. ஆகவே ரியூசனில் யாழ்ப்பாணப் பிள்ளைகளுக்குச் சொல்லும் வெட்டுப்புள்ளியைக் கேட்டு உங்கள் மகள் மனம் உடையக் கூடாது, அது அவளுக்குரிய கோடு இல்லை. ஆனால் சிறிய மாவட்டத்துக்கு இடங்களும் சில. ஒரு வருடம் இரண்டு மூன்று பிள்ளைகள் கூடுதலாக நன்றாகச் செய்தாலே கோடு மேலே போய்விடும். போன வருட வெட்டுப்புள்ளியை இந்த வருடத்துக்கு வாக்குறுதியாக எடுக்காதீர்கள். அவளின் புள்ளியைச் சரியாகக் கணித்தாலும் இடம் கிடைப்பதைக் கணித்ததாகாது.

மழையையும் கணக்கில் எடுங்கள். 2024 நவம்பர் கடைசியில் வெள்ளத்தால் உயர்தரப் பரீட்சை இடையில் நின்று டிசம்பரில்தான் தொடர்ந்தது. மூன்று பாடமும் ஒரே ஓட்டத்தில் முடியும் என்று பழகிய பிள்ளைக்கு அந்த இடைவெளி பெரிய சோதனை. எந்த மாதிரிப் பரீட்சையும் இதை முன்கூட்டிக் காட்டாது.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு பாடத்திலும் அவள் கண்டிராத ஒரு தாள். வேறு மாகாணத்துத் தவணைத் தாள்கள் இதற்கு நல்லவை. முதற்தாள் 2 மணித்தியாலம், இரண்டாம் தாள் 3 மணித்தியாலமும் மேலதிக வாசிப்பு நேரம் 10 நிமிடமும். ஃபோன் உங்கள் கையில். திருத்துவதற்கு அவளைப் படிப்பிக்காத ஒரு ஆசிரியரைக் கேளுங்கள். முகம் தெரியாத பிள்ளையின் தாளைத்தான் ஆசிரியர்கள் உள்ளபடி திருத்துவார்கள். மூன்று மாதத்தில் நாலு தாள் வரும். அந்த நாலின் சராசரியை, இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டு, அவள் நிற்கும் இடமாக எடுங்கள். 80ஐயும் 46ஐயும் மறந்துவிடலாம்.

யாழ்ப்பாண அறையைப் பற்றிக் கேட்டீர்கள். இப்படி முதல் இரண்டு தடவை எழுதி முடியும்வரை காசைக் கட்டாதீர்கள். போன புள்ளிகளில் பெரும்பங்கு அவசரத்தாலும் நேரம் போதாமையாலும் போனதென்றால், அதை உங்கள் வீட்டு மேசையிலேயே சரிசெய்யலாம். கடன் தேவையில்லை. புதிய ஊரில், புதிய சாப்பாட்டில், தனியே படுத்தெழும்பும் பிள்ளை முதல் மூன்று வாரத்தைப் பழகவே செலவழிக்கும் என்பதையும் பாருங்கள். விளங்காத அலகுகள்தான் அதிகம், அவற்றைப் படிப்பிக்க முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ ஒருவரும் இல்லை என்றால் மட்டும் அனுப்புவதைப் பற்றி யோசியுங்கள். அப்போதும் மூன்று பாடத்துக்கும் சேர்த்து அல்ல, எந்தப் பாடம், எந்த அலகு என்று எழுதிக்கொண்டு போய் அந்த ஆசிரியரிடம் கேட்ட பிறகு.

அந்த இரண்டு தடவையும் முடிந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். மொத்தப் புள்ளியோடு, எந்த அலகில் எத்தனை வினா பிழைத்தது, அதில் எத்தனை அவசரத்தால், எத்தனை படிக்காததால், எத்தனை விளங்காததால் என்று மகளையே தன் கையால் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.