இலக்கியக் கேள்வி-பதில்: இரண்டாம் பாகம்

கேள்வி: என் முதல் துப்பறியும் நாவலுக்கு நல்ல வரவேற்பு கிடைத்ததால், பதிப்பாளர் அதே நாயகனை வைத்து இரண்டாம் பாகம் கேட்கிறார். ஆனால் அவன் முதல் கதையின் முடிவிலேயே காவல்துறை வேலையைத் துறந்து, மனநிறைவோடு சொந்த ஊருக்குப் போய்விட்டான். அவனை எப்படித் திரும்ப அழைத்து வருவது? முன்கதையை எவ்வளவு சொல்ல வேண்டும்?
— வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: பழைய மேலதிகாரி தொலைபேசியில் அழைத்தார், அவன் ரயிலேறி எழும்பூரில் வந்து இறங்கினான் என்று மட்டும் தொடங்கிவிடாதீர்கள். அவனுடைய துறவை நம்பித்தான் வாசகர் முதல் புத்தகத்தை மூடி வைத்தார். ஓர் அழைப்பில் அது கலைந்துபோனால், இரண்டாம் பாகத்தோடு முதல் பாகமும் சேர்ந்து வலுவிழக்கும். அவன் வேலையை விட்டதால் யாருக்கு நியாயம் கிடைக்காமல் போயிற்று என்று தேடிப் பாருங்கள். அந்தப் பாக்கியிலிருந்து பிறக்கும் கதைக்கு அவன் தானாகவே வருவான்.

முந்தைய நூலில் எழுதிவிட்டவற்றை மாற்ற முடியாது என்பது பெரிய கட்டுப்பாடுதான். ஆனால் அந்தக் கட்டுப்பாட்டையே கல்கி எப்படிக் கையாண்டார் என்பதை நீங்கள் அவசியம் கவனிக்க வேண்டும். கதை நிகழும் காலத்தால் பிந்திய 'பார்த்திபன் கனவு' முதலில் வெளிவந்தது. அதற்கு முந்திய காலத்தைச் சொல்லும் 'சிவகாமியின் சபதம்' 1944இல்தான் தொடங்கியது. அதன் நாயகனான பல்லவ மன்னர் மாமல்லர், சாளுக்கியர் தலைநகரான வாதாபியை வெல்வார் என்பதை வரலாறு சொல்லியிருந்தது. அவருக்குக் குந்தவி என்றொரு மகள் உண்டு என்பதை முதல் நாவலின் வாசகர்கள் அறிந்திருந்தார்கள். எனவே வெற்றி கிட்டுமா என்ற ஐயத்தை மட்டும் நம்பியிராமல், அந்த வெற்றி வருவதற்குள் மாமல்லரின் காதலியான நடன மங்கை சிவகாமியின் வாழ்வு என்னவாகிறது என்பதில் கல்கி மனத்தைச் செலுத்தினார். முடிவு தெரிந்தவர்களையும் அந்த நாவல் கலங்க வைப்பது அதனால்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா போன்ற தொடர் நாயகர்களின் வகை வேறு. அங்கே வழக்குதான் மாறும், ஆள் பெரிதாக மாறுவதில்லை. உங்கள் நாயகன் ஏற்கெனவே மாறிவிட்டதால் அந்த வசதி உங்களுக்கு இல்லை. சுஜாதாவின் வக்கீல் கணேஷ் முதலில் தனியாகத்தான் வந்தார், அவருடைய உதவியாளர் வசந்த் பிறகு வந்து சேர்ந்தார் என்பதையும் நினைவில் வையுங்கள். பழகிய பாத்திரத்தின் காணாத முகத்தைக் காட்டப் புதிய துணை ஒன்று போதுமானதாக இருக்கலாம்.

எழுதத் தொடங்குமுன் முதல் நாவலை மறுபடி படித்து, வயது, தழும்பு, உறவு, தேதி ஆகியவற்றைத் தனி நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஷெர்லாக் ஹோம்ஸின் நண்பர் வாட்ஸனுக்குப் போரில் பட்ட காயம் முதல் நாவலில் தோளிலும் இரண்டாம் நாவலில் காலிலும் இருப்பதை வாசகர்கள் இன்றுவரை விவாதிக்கிறார்கள்.

முன்கதைச் சுருக்கம் வாராவாரம் வரும் தொடர்கதைக்குத் தேவை. புத்தகத்தின் தொடக்கத்தில் அது வேண்டாம். முதல் பாகத்துச் செய்தி ஒன்று இந்தக் கதையில் யாரையாவது முடிவெடுக்கவோ தயங்கவோ வைக்கும் இடத்தில், அந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.