வன்னியில் தொழிலாளர் வரலாறு உண்டா?

ஐயா, வணக்கம்.

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். மே தினத்தை ஒட்டி, மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலங்கைத் தொழிலாளர் இயக்கம் பற்றி ஒரு பாடம் எடுத்தேன். 1923 கொழும்பு வேலைநிறுத்தம், 1940 முல்லோயா, 1953 ஹர்த்தால், 1980 யூலை வேலைநிறுத்தம் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டு போனேன். பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை, "ரீச்சர், இதில எங்கட இடம் ஒண்டுமே இல்லையே" என்று கேட்டாள். அந்த வகுப்பில் பாதிப் பேரின் அம்மம்மா, அப்பப்பாமார் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள்.

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது மூத்த ஆசிரியர் ஒருவர், "வன்னி எண்டால் குளமும் வயலும். ஆலை இல்லை, சங்கம் இல்லை. பிறகு என்ன தொழிலாளர் வரலாறு?" என்றார். எனக்கு அவரை மறுக்கத் தெரியவில்லை, ஏற்கவும் மனம் வரவில்லை. இங்கே அப்படி ஒரு வரலாறு உண்டா? எங்கிருந்து தொடங்குவது? 1977இல் டெவன் தோட்டத்தில் இறந்த சிவனு லட்சுமணனைப் பற்றி வன்னிப் பிள்ளைகளுக்குச் சொல்வது பொருத்தமா?

ஒரு வாசகி, கிளிநொச்சி

அன்புள்ள ஆசிரியைக்கு,

உண்டு. ஆலையும் சங்கமும் இருந்தால்தான் தொழிலாளர் வரலாறு என்ற உங்கள் மூத்த ஆசிரியரின் அளவுகோலையே எடுத்துக்கொண்டாலும் உண்டு. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை 1950களில் அரச நிறுவனமாக எழுந்தது. ஆனையிறவு உப்பிலிருந்து அங்கே காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்தார்கள். வெயிலில் பாத்திக்குள் நின்று உப்பு வாரியவர்களுக்கும் பரந்தனில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கும் இடையில் சில மைல்கள்தான். ஒட்டுசுட்டானில் ஓட்டுத் தொழிற்சாலை இருந்தது. வடக்கே காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையையும் சேர்த்தால், மாதச் சம்பளமும் சேமலாப நிதியும் உள்ள ஒரு தொழிலாளர் பகுதி இங்கே உருவாகிக்கொண்டிருந்தது தெரியும். 1980களின் நடுவிலிருந்து 1990க்குள் போர் இவற்றையெல்லாம் நிறுத்திவிட்டது. இன்றைக்கு ஆனையிறவு என்றால் 1991, 2000 ஆண்டுச் சமர்கள்தான் எல்லாருக்கும் ஞாபகம். அங்கே உப்பு வாரிய பெண்கள் வேலை போன பிறகு எதைச் செய்து பிள்ளைகளை வளர்த்தார்கள் என்று எழுதியவர்கள் குறைவு.

ஆனால் உங்கள் மாணவி கேட்டது இதையல்ல என்று நினைக்கிறேன். அவள் தன் அம்மம்மாவைப் பற்றிக் கேட்கிறாள். அதற்குப் பதில் சொல்ல 1977க்கும் முன்னால், இன்னும் நூற்றைம்பது வருடம் பின்னால் போகவேண்டும்.

மலையகத் தொழிலாளரின் கதையைக் கோப்பித் தோட்டத்தில் தொடங்குவதுதான் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் கதை தொடங்குவது மன்னாரில், அதாவது வன்னியில். தமிழ்நாட்டுக் கரையிலிருந்து தோணியில் வந்து இறங்கியவர்கள் மன்னாரிலிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். அந்த நடையின் முதற் பகுதி முழுக்க வன்னிக் காடு. தண்ணீர் இல்லை, கொலராவும் காய்ச்சலும் இருந்தன. நடக்க முடியாமல் விழுந்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். 1841 முதல் 1848 வரையில் மட்டும் வழியிலும் தோட்டங்களிலுமாக ஏறக்குறைய 70,000 பேர் மடிந்தார்கள் என்று 1849இல் கொழும்பு ஒப்சர்வர் பத்திரிகை கணக்குச் சொன்னது. அந்தத் தொகை மிகை என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அதில் பாதி என்று வைத்தாலும் அது ஒரு பேரழிவு. 2023 யூலை 28ஆம் திகதி தொடங்கி, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியால் நடந்தவர்கள் அந்த இறந்தவர்களைத்தான் நினைவுகூர்ந்தார்கள். முருங்கனிலும் செட்டிகுளத்திலும் மண்ணுக்குள் கிடப்பவர்கள் இந்த நாட்டுத் தோட்டத் தொழிலாளர்களின் முதல் தலைமுறை. ஒரு நாட் சம்பளமும் வாங்காமல் செத்தவர்கள். வன்னியின் தொழிலாளர் வரலாறு அவர்களிலிருந்து தொடங்குகிறது என்பது என் முடிவு.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் என்ன கட்டினார்கள் என்பதில் ஒரு பகுதி உங்கள் கரும்பலகையில் ஏற்கெனவே இருக்கிறது. 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டுப் பாடியே தோட்டம் தோட்டமாக ஆட்களைத் திரட்டினார். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் இறந்தார். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. அடுத்த வருடமே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் ஏறக்குறைய ஏழு இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. இது இனப் பிரச்சினையாகவே நம் மேடைகளில் பேசப்படுகிறது. தொழிலாளர் பிரச்சினையாகவும் பேசவேண்டும். இடதுசாரிகளுக்கு வாக்களிக்கக்கூடிய, வேலைநிறுத்தம் செய்யத் தெரிந்த ஒரு தொழிலாளர் கூட்டத்தின் கையிலிருந்து வாக்குச்சீட்டைப் பிடுங்குவதும் அந்தச் சட்டத்தின் நோக்கம்.

இனி உங்கள் மாணவியின் அம்மம்மாவிடம் வருவோம். 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி. மாவும் அரிசியும் கிடைக்காமல் ஆட்கள் றோட்டுக்கு வந்தார்கள். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசிடம் போனபோது பல இடங்களில் இருந்த வேலையும் போனது. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பும் வேலை அதே காலத்தில் நடந்துகொண்டிருந்தது. 1977 ஓகஸ்ட் கலவரத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் எரிந்தன. அதற்குப் பிறகு வன்னிக்கு வந்தவர்களை வவுனியாவில் ஏற்றுக் குடியமர்த்திய பெரும் பணி காந்தியம் என்ற அமைப்புடையது. அதை நடத்திய மருத்துவர் இராஜசுந்தரம் 1983 யூலை 27இல் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். கூட நின்ற டேவிட் ஐயா கட்டடக் கலைஞர். அவர் 2015இல் கிளிநொச்சியில்தான் காலமானார். உங்கள் ஊரில் இதை அறிந்த பிள்ளைகள் எத்தனை பேர்?

நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் முக்கியமான விடயம் இதற்குப் பிறகுதான் வருகிறது. மலையகத்தை விட்டு வந்த அந்த ஆட்கள் சட்டிபானைகளோடும் குழந்தைகளோடும் வந்தார்கள், சங்கத்தைக் கொண்டுவர முடியவில்லை. தோட்டத்தில் சங்கம் எப்படி நடந்தது என்று பாருங்கள். செக்ரோலில், அதாவது தோட்டத்தின் சம்பளப் பதிவேட்டில், பேர் விழும். சம்பளத்திலிருந்து சந்தாவைத் தோட்ட நிர்வாகமே கழித்துச் சங்கத்துக்கு அனுப்பும். தோட்டத் தலைவர் ஒருவர் இருப்பார். அரைப்பேர் போட்டால், அதாவது பாதிக் கூலி பதிந்தால், அவரிடம் போகலாம், அவர் தோட்டத்தை நடத்தும் துரையிடம் போவார். துரை மறுத்தால், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் வேலைக்கு நிற்காமல் விடலாம். அந்த அமைப்பில் ஆயிரம் குறை இருந்தது, தலைவர்மாரில் விலைபோனவர்களும் இருந்தார்கள். ஆனாலும் முறையிட ஓர் இடம் இருந்தது.

கிளிநொச்சியில் அவர்களுக்குச் செக்ரோல் இல்லை. காலையில் இந்த வயலில் களை, மறுநாள் வேறொருவரின் வயலில் அருவி வெட்டு (நெல் அறுவடை). கூலி வரம்பில் வைத்துக் கையில் கிடைக்கும், சில நேரம் நெல்லாகக் கிடைக்கும், சில நேரம் அடுத்த கிழமை கிடைக்கும். முதலாளி ஒருவரல்ல, நூறு பேர். யாரை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்வது? மலையகச் சங்கங்களின் எல்லை தோட்டத்தோடு முடிந்தது. வடக்கின் இடதுசாரிகள் 1966 ஒக்டோபரில் சுன்னாகத்திலிருந்து தீண்டாமைக்கெதிராக ஊர்வலம் போனவர்கள், துணிந்தவர்கள். ஆனால் வன்னியின் வயற்கூலிகளிடம் அவர்களின் சங்கங்கள் வேர்விடவில்லை. தமிழ்த் தேசியத்துக்கு அவர்கள் எல்லைக் கிராமத்தைக் காக்கும் தமிழர்கள். அரசுக்கு அத்துமீறிக் குடியேறியவர்கள். வயற்காரருக்கு மலிவான கூலி. மூன்று தலைமுறை சங்கத்தில் இருந்த தொழிலாளர்கள் இவர்கள் என்பதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. ஊருக்குள்ளே "தோட்டக்காட்டான்" என்றும் அழைத்தோம். நம் ஆட்களே அழைத்தோம், அதை மறைத்துப் பாடம் எடுக்காதீர்கள்.

காணியையும் தண்ணீரையும் விட்டுவிட்டு இதை விளங்கிக்கொள்ள முடியாது. 1920களின் தொடக்கத்தில் கட்டி முடித்த இரணைமடுக் குளத்தின் கீழ், 1930களிலிருந்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்குப் பெர்மிட்டில் வயற்காணி கிடைத்தது. யாழ்ப்பாணத்துக் காணி நெருக்கடிக்கும் வேலையின்மைக்கும் அது ஒரு தீர்வு, நல்ல தீர்வு. ஐம்பது வருடம் பிந்தி வந்தவர்களுக்கு வாய்க்கால் எட்டாத மேட்டுக்காணிதான் மிச்சம். மலையாளபுரம், பாரதிபுரம் பக்கம் போய்ப் பார்த்தால் விளங்கும். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் காணிக்காரர் பேசுவார். அந்த ஏக்கர் குறைந்தால் வேலை குறைவது களை பிடுங்கும் பெண்ணுக்கு, ஆனால் அவளுக்கு அங்கே கதிரை இல்லை. 2021இல் தோட்டத் தொழிலாளருக்கு ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் சம்பளச் சபை மூலம் வந்தபோது நாடு முழுக்கப் பேசியது. அதே வருடம் வன்னியில் வயற்கூலி எவ்வளவு என்று எந்தப் பத்திரிகையின் முதற் பக்கமும் கேட்கவில்லை.

போரைப் பற்றி நீட்டி எழுதவில்லை. இயக்கத்துக்குப் போனவர்களிலும் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களிலும், 2009இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்து திரும்பாதவர்களிலும் இந்த வீடுகளின் பிள்ளைகள் நிறையப் பேர். மீண்டு வந்தவர்களின் பெண்பிள்ளைகள் இன்றைக்கு விடிய முன்னம் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். பிள்ளைகளைக் கொப்பியோடு வீட்டுக்கு அனுப்புங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்தச் சங்கத்துக்குச் சந்தா போனது, தலைவர் யார் என்று கேட்கச் சொல்லுங்கள். கலவரத்தில் ஓடிவரும்போது சேமலாப நிதியை எடுத்தார்களா, விட்டுவிட்டு வந்தார்களா என்று கேட்கவேண்டும். வன்னியில் முதல் வேலை யாருடைய வயலில், கூலி காசா நெல்லா என்றும் கேட்கவேண்டும். சங்கத் துண்டு, பழைய சம்பளத் துண்டு ஏதும் பெட்டிக்குள் இருந்தால் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். போன இடமெல்லாம் பதுங்குகுழி வெட்டிய சனத்திடம் காகிதம் அதிகம் மிஞ்சியிருக்காது, ஆனால் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயது எழுபது, எண்பது. அடுத்த மே தினம் வரை இதைத் தள்ளிப்போடாதீர்கள். எழுதி அனுப்பினால் பேர் போடாமல் இங்கே வெளியிடுகிறேன்.

மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் தெரியவேண்டும். 1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி ஒரு சங்கத்தைப் பதிய ஏழு பேர் போதும். 1999ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஓர் இடத்தில் வேலை செய்பவர்களில் நாற்பது வீதம் பேர் அங்கத்தவராக இருந்தால் அந்தச் சங்கத்தோடு பேச முதலாளி மறுக்க முடியாது. அந்த ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறப்போகும் பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள்.

சிவனு லட்சுமணனைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். நுவரெலியா மாவட்டத்தில் ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணியைப் பறிக்கப் பார்த்தார்கள். தொழிலாளர்கள் எதிர்த்து இறங்கினார்கள். 1977 மே 11இல் பொலிஸ் சூட்டில் அவர் இறந்தார். அதன் பிறகு அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. மூன்று மாதத்தில் கலவரம். உங்கள் மாணவர்களின் குடும்பங்களில் அந்த மே மாதம் வேலைக்குப் போகாமல் நின்றவர்கள் இருக்கக்கூடும். முதலில் அதைக் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.