ஹெல்பர் விசாவுல கத்தார் வரலாமான்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, மெக்கானிக்கல் டிப்ளமோ முடிச்சிருக்கீங்க, தோஹாவுல ஹெல்பர் வேலை வந்திருக்கு, ஏஜென்ட் ஒன்றேகால் லட்சம் கேக்குறார். "மூணு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா வாழ்க்கை மாறிடுமா அண்ணே?"ன்னு கேட்டிருந்தீங்க. 2011-ல நானும் இதே ஹெல்பர் விசாவுலதான் வந்து இறங்கினேன். இப்ப சாரம் கட்டுற வேலையில சூப்பர்வைசர்.

சம்பளத்தை முதல்ல சொல்லிடுறேன். 2021 மார்ச்ல இருந்து இங்க குறைஞ்சபட்ச அடிப்படைச் சம்பளம் மாசம் 1,000 ரியால். கம்பெனி சாப்பாடு தரலைன்னா 300, தங்க இடம் தரலைன்னா 500 கூடச் சேரும். ஓவர்டைமுக்கு 25 சதவீதமாவது சேர்த்துத் தரணும். ஆனா ஒன்றேகால் லட்சம் கொடுக்காதீங்க. நம்ம நாட்டுச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதுக்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். மீதியை வட்டிக்கு வாங்கிக் கட்டினா, நீங்க உழைக்கிறது வட்டிக்காரனுக்குத்தான்.

என் மக பொருளியல் பாடத்தை ஃபோன்ல எனக்குப் படிச்சுக் காட்டுவா. ஒரு நாள் மனித மேம்பாட்டுக் குறியீடு வந்துச்சு. 1990-ல மஹ்பூப் உல் ஹக்குங்கிற பாகிஸ்தான் பொருளியலாளர் முன்னின்று ஐ.நா. மூலமா கொண்டு வந்தது. ஒரு நாட்டோட வருமானத்தை மட்டும் பாக்காம, மக்களோட ஆயுசையும் படிப்பையும் சேர்த்துப் பாக்குற கணக்கு. அவ படிக்கப் படிக்க எனக்கு என்னோட முதல் நாலு வருஷம்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. பணம் மாசம் தவறாம ஊருக்குப் போச்சு. நான் மட்டும் வந்தப்ப எப்படி இருந்தேனோ அப்படியே இருந்தேன். விடியக்காலை நாலு மணிக்கு, தோஹா தொழிற்பேட்டையான சனாயாவுல இருக்குற தொழிலாளர் கேம்ப்ல பஸ் ஏறுவேன், நாள் பூரா பைப் தூக்குவேன், வந்து படுப்பேன். அந்த பைப்பை எதுக்கு அங்க வைக்கிறாங்கன்னு கேட்டா சொல்லத் தெரியாது.

தொழில் கத்துக்கலாம்னு இன்னொரு கம்பெனிக்குப் போகப் பாத்தேன். 'இவர் போறதுல எங்களுக்கு ஆட்சேபணை இல்லை'ன்னு கொடுக்குற என்ஓசி கடிதத்தை எங்க கம்பெனி தர மறுத்துடுச்சு. 2015-ல ஊருக்குப் போய், அன்னைக்கு இருந்த சட்டப்படி ரெண்டு வருஷம் காத்துக் கிடந்துதான் திரும்பி வர முடிஞ்சுது. அந்த ரெண்டு வருஷத்தை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது. உங்களுக்கு அந்த நிலைமை இல்ல. 2020 செப்டம்பர்ல சட்டத்தை மாத்திட்டாங்க. முதல் ரெண்டு வருஷத்துக்குள்ளன்னா ஒரு மாசம், அதுக்கு மேலன்னா ரெண்டு மாசம் நோட்டீஸ் கொடுத்துட்டு, என்ஓசி இல்லாமலே வேற கம்பெனிக்கு மாறலாம். பாஸ்போர்ட்டைக் கம்பெனி பிடிச்சு வச்சுக்கவும் கூடாது.

ரெண்டாவது தடவை வந்த இடத்துல ஒரு நேபாளி ஃபோர்மேன் இருந்தார். ஒரு சாயங்காலம் என் கையில ரசமட்டத்தைக் கொடுத்து, குறுக்குப் பைப் மேல வைக்கச் சொன்னார். குமிழி இடப்பக்கம் ஓடுச்சு. அவர் பேசாம சாரத்தோட காலடியைக் காட்டினார். காலுக்கு அடியில வைக்கிற இரும்புத் தகடான பேஸ் பிளேட்டுக்குக் கீழ மணல் அரை விரக்கடை இறங்கியிருந்துச்சு. மண்ணைக் கெட்டிச்சு, பலகை போட்டு, காலடித் திருகாணியை ஏத்தினதும் குமிழி நகர்ந்து நடுவுல வந்து நின்னுச்சு. நாலு வருஷம் தூக்கின பைப் அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. ராத்திரி தூக்கமே வரலை. அடுத்து சாரத்துல தொங்க விடுற அடையாள அட்டையான டேக் பத்திச் சொல்லிக் கொடுத்தார். சிவப்பு டேக் தொங்கினா யாரும் ஏறக்கூடாது, சோதிச்சுக் கையெழுத்துப் போட்ட பச்சை டேக் இருந்தாத்தான் ஏறலாம். பயிற்சி முடிச்சு, சான்றிதழ் வாங்கி, முதல் பச்சை டேக்ல என் பேரை எழுதினப்ப கை நடுங்குச்சு. அதை நம்பி இருபது பேர் மேல ஏறுறாங்க இல்லையா. சம்பளம் அதுக்கப்புறம்தான் கூடுச்சு.

உடம்பு விஷயம். ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரைக்கும் காலை 10-ல இருந்து பிற்பகல் 3:30 வரை வெயில்ல வேலை வாங்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. தலை சுத்தினா ஓவர்டைமைப் பாக்காதீங்க, உடனே சொல்லிட்டு நிழலுக்குப் போங்க. என் ரூம்ல ஒருத்தர் சொல்லாமலே தாங்கிக்கிட்டு இருந்து சைட்லயே விழுந்தார்.

அம்மாவுக்கு முடியலை, தங்கச்சிதான் பாத்துக்குதுன்னு போற போக்குல எழுதியிருந்தீங்க. அதை அப்படி விட முடியாது. 2015-ல ஐ.நா. மனித மேம்பாட்டு அறிக்கை வேலையைப் பத்தியே வந்துச்சு. உலகத்துல நடக்குற மொத்த வேலையில 41 சதவீதம் சம்பளமில்லாத வேலை, அதுல பெண்கள் செய்றது ஆண்களைப் போல மூணு மடங்குன்னு சொன்னாங்க. நான் இங்க பச்சை டேக் எழுதுறேன்னா, அங்க என் மனைவி எங்கம்மாவைப் படுக்கையில வச்சுப் பாத்ததாலதான். அதுக்காக அவங்க தையல் வகுப்பை விட்டுட்டாங்கன்னு எனக்கு மூணு வருஷம் கழிச்சுத்தான் தெரியும். தங்கச்சி காலேஜுக்குப் போய்க்கிட்டு இருக்காங்களா, நீங்க கிளம்பினா நின்னுடுவாங்களா? முதல் மாசப் பணத்துல அம்மாவைப் பாத்துக்க ஆள் வைக்கிற செலவை முதல்ல எடுத்து வைங்க.

சென்னையில இருக்குற கத்தார் விசா மையத்துல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கான்ட்ராக்ட்ல வேலைப் பேரு என்னன்னு பாருங்க. டெக்னீஷியன், ஃபிட்டர் மாதிரி ஏதாவது இருந்தா வாங்க. வெறும் ஹெல்பர்னா, டிப்ளமோவுக்குத் தகுந்த பேரு போட முடியுமான்னு முதல்ல கேளுங்க. அவங்க என்ன சொல்றாங்கன்னு எனக்கு எழுதுங்க. அது வரைக்கும் ஏஜென்ட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.