முறுக்குக்கு வந்த கிளி

கேள்வி: அக்கா, டிசம்பர் பள்ளி விடுமுறையில் உள்ளேயே படுத்துத் தூங்கக்கூடிய மோட்டார்ஹோம் வண்டியை வாடகைக்கு எடுத்து நியூசிலாந்தின் தென்தீவைச் சுற்றினோம். மில்ஃபர்ட் சவுண்ட் போகும் வழியில், ஹோமர் சுரங்கப்பாதைக்கு முன்னால் சிக்னலுக்குக் காத்திருந்தபோது பச்சைக் கிளி ஒன்று பக்கக் கண்ணாடியில் வந்து உட்கார்ந்தது. மகன் ஜன்னலைத் திறந்து முறுக்கை நீட்டினான். அவ்வளவுதான், எங்கிருந்தோ இன்னும் நாலைந்து வந்து கூரைமேல் ஏறிக்கொண்டன. படியில் கழற்றி வைத்திருந்த மாமனாரின் செருப்பில் ஒன்றும் போயிற்று. அன்றிரவு மழை கூரைச் சாளரம் வழியாக மாமியாரின் படுக்கையில் சொட்டியது. இப்போது வாடகை நிறுவனம் பணம் கேட்கிறது. பறவை செய்ததற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு?
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: வந்தது கிளிதான், ஆனால் சீட்டு எடுக்கிற ஜோசியக் கிளி இல்லை தங்கச்சி. கீயா என்று பெயர், தென்தீவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லாத மலைக்கிளி. மண்ணைக் கிளறிக் கிழங்கு எடுக்கவும் அழுகிய மரத்தைப் பிய்த்துப் புழு தேடவும் பழகிய வளைந்த அலகு அதற்கு. வண்டியின் ரப்பர் பட்டை, கண்ணாடித் துடைப்பான், ஏரியல் எல்லாம் பிய்த்துப் பார்க்க வேண்டிய சாமான்கள்தான். ஒன்று உங்கள் மகனிடம் முறுக்கு வாங்கிக்கொண்டு அப்பாவியாகத் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மற்றவை மேலே கூரைச் சாளரத்தின் ரப்பர் பட்டையைப் பிய்த்து வேலையை முடித்திருக்கும். 2009ல் மில்ஃபர்ட் போகிற பேருந்தின் சாமான் அறையிலிருந்து ஸ்காட்லந்துக்காரர் ஒருவரின் கடப்பிதழையே ஒரு கீயா தூக்கிக்கொண்டு பறந்துவிட்டது. உங்களுக்குச் செருப்போடு போனது நல்ல நேரம்.

சரி, பணம். 'பறவை செய்தது' என்ற வாதம் எடுபடாது. பல மோட்டார்ஹோம் ஒப்பந்தங்களில் கூரைக்கும் அடிப்பாகத்துக்கும் வரும் சேதம் காப்புறுதியில் சேராது, கூடுதல் பணம் கட்டித் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தை எடுத்து அந்தப் பத்தியைப் படியுங்கள். அப்புறம் பழுதுபார்த்த ரசீதும் படங்களும் கேளுங்கள். ரப்பர் பட்டை மட்டும் மாற்றினார்களா, சாளரத்தையே மாற்றினார்களா என்று பார்க்காமல் ஒரு காசு கொடுக்காதீர்கள். சிங்கப்பூரில் வாங்கிய பயணக் காப்புறுதியிலும் வாடகை வண்டிக்கான பிரிவு இருக்கலாம், ஆனால் சில திட்டங்கள் மோட்டார்ஹோமை விட்டுவிடும்.

முறுக்கு விஷயத்துக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சிங்கப்பூர் புக்கிட் தீமா காட்டில் குரங்குக்கு வாழைப்பழம் கொடுத்தால் முதல்முறையே 5,000 வெள்ளி வரை அபராதம் என்று தெரிந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற நாம், விமானம் ஏறியதும் அதை மறந்துவிடுகிறோம். அங்கேயும் தீனி போடாதீர்கள் என்றுதான் கெஞ்சுகிறார்கள். தீனிக்குப் பழகிய கீயா சாலையோரத்திலேயே கிடந்து வண்டியில் அடிபட்டுச் சாகிறது. ஒரு காலத்தில் ஆடுகளைக் கொத்துகிறது என்று தலைக்கு விலை வைத்து 150,000 வரை கொன்றார்கள். 1986ல்தான் முழுப் பாதுகாப்பு வந்தது. இன்று காட்டில் சில ஆயிரம்தான் மிச்சம். மகனைத் திட்ட வேண்டாம், இதைச் சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி: கூரை ஒழுகியதும் அவர்கள் என்ன செய்திருக்கலாம்? நாங்களும் போகிறோம்.
- வாசகர், தெம்பனிஸ்

பதில்: மில்ஃபர்டில் ஆண்டுக்கு 6 மீட்டருக்கு மேல் மழை பெய்யும், நம் சிங்கப்பூரைவிட இரண்டரை மடங்குக்கு மேல். அதனால் அகலமான ஒட்டு நாடா ஒரு சுருள் கையோடு இருக்கட்டும். பட்டை பிய்ந்தது தெரிந்தால் மழைக்கு முன்பே துடைத்துக் காயவைத்து உள்பக்கமிருந்து ஒட்டுங்கள், நான்கு பக்கமும் படம் எடுங்கள். கூரைமேல் ஏற வேண்டாம், அது ஆள் எடையைத் தாங்கச் செய்ததல்ல. மில்ஃபர்ட் சாலை தொடங்கும் டி அனாவ் ஊரைத் தாண்டினால் மில்ஃபர்ட் வரை சுமார் 120 கிலோமீட்டர் தூரம் பெரும்பாலும் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்காது. நிறுவனத்தை அழைப்பதை டி அனாவ் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தேக்காவில் முறுக்கு வாங்கி நியூசிலாந்துக்குக் கொண்டுபோகலாமா? ஜூனில் போகிறோம்.
- வாசகி, ஈசூன்

பதில்: கொண்டுபோகலாம், ஆனால் எந்த உணவாக இருந்தாலும் வருகைப் படிவத்தில் 'ஆம்' என்று சொல்லுங்கள். சொல்லாமல் மாட்டினால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். ஜூன் அங்கே குளிர்காலம். மே முதல் நவம்பர் வரை மில்ஃபர்ட் போகும் சாலையில் சக்கரத்துக்கான பனிச்சங்கிலி வண்டியில் இருக்க வேண்டும், வாடகைக்கு எடுக்கும்போதே கேட்டு வாங்கி, அதைப் போடுவது எப்படி என்று அங்கேயே ஒருமுறை போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.