தண்ணீரைப் பார்க்கிற ஆள் யார்?

கேள்வி: அக்கா, கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்துக்குக் கீழே உள்ள ஒரு கிராமத்தின் சனசமூக நிலையச் செயலாளர் நான். வெளிநாட்டில் உள்ள எங்கள் ஊர்க்காரர் காசு சேர்த்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு நீச்சல் தடாகம் கட்டித் தந்தார்கள். 15 மீற்றர் நீளம், 8 மீற்றர் அகலம், சராசரி ஆழம் 1.2 மீற்றர். மூன்று குதிரைவலுப் பம். குழாய்க் கிணற்றுத் தண்ணீர். திறந்து எட்டு மாதம்தான், அதற்குள் தண்ணீர் அடிக்கடி பச்சையாகிறது. பிள்ளைகளுக்குக் கண் எரிகிறது, குளோரின் கூடிப்போச்சு என்று சனம் சத்தம் போடுகிறது. பின்னேரம் முழுக்கப் பெடியள்தான், பெண்கள் எட்டிப் பார்ப்பதும் இல்லை. இப்போது லண்டனில் உள்ள அண்ணன்மார் 'நலவாழ்வுத் திட்டம்' தொடங்கச் சொல்லி உடற்பயிற்சி மெசின் அனுப்பப் போகிறார்களாம். எங்களுக்குக் கரண்ட் பில் கட்டவே காசில்லை. இதற்கிடையில் தலைவர், பொங்கலுக்கு முன் தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டுப் பெயின்ற் அடிப்போம் என்கிறார். நான் எதை முதலில் செய்ய?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் தலைவர் வருகிறார், லண்டன் அண்ணன்மார் வருகிறார்கள், சத்தம் போடுகிற சனமும் வருகிறது. காலையில் போய்த் தண்ணீரைச் சோதித்து, "இண்டைக்குத் திறக்க ஏலாது" என்று கதவைப் பூட்டுகிற ஆளை மட்டும் காணவில்லை. முதலில் செய்ய வேண்டியது அதுதான். அப்படி ஓராளைச் சம்பளத்துக்குப் போடுங்கள். சும்மா போட்டால் காணாது. பூட்டுகிற அதிகாரத்தை நிர்வாகக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதி, கூட்டறிக்கையில் கையெழுத்து வையுங்கள். கனடாவிலிருந்து வந்து நிற்கிற போஷகரின் பேரப்பிள்ளைகள் துவாயோடு வாசலில் நின்றாலும், அவர் பூட்டினால் பூட்டினதுதான். இந்த ஆள் இல்லாமல் நான் கீழே எழுதுகிற எதுவும் ஒரு மாதத்துக்கு மேல் நிற்காது.

இனித் தண்ணீர். கண் எரிகிறதென்றால் குளோரின் கூடிவிட்டது என்று ஊர் நினைப்பது பெரும்பாலும் பிழை. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்தால் குளோரமைன் உண்டாகும். கண்ணை எரிப்பதும், மூக்கில் ஏறுகிற அந்த மணமும் அதனுடைய வேலை. மணம் கூடினால், கிருமியைக் கொல்லுவதற்கு மிஞ்சியிருக்கிற குளோரின் குறைந்திருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். சனம் சத்தம் போட, நீங்கள் குளோரின் தூளைக் குறைத்திருப்பீர்கள். அடுத்த கிழமை பச்சை. பிறகு பயத்தில் அள்ளிக் கொட்டியிருப்பீர்கள். எட்டு மாதமாக இந்தச் சுற்றில்தான் நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

கணக்கு கஷ்டமில்லை. உங்கள் தடாகம் 144 கன மீற்றர், அதாவது 144,000 லீற்றர். ஆயிரம் லீற்றருக்கு ஒரு கிராம் குளோரின் என்றால் அது 1 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சந்தையில் கிடைக்கிற 65 சதவீதக் குளோரின் தூளில் ஏறக்குறைய 220 கிராம் போட்டால் உங்கள் தண்ணீரில் 1 பிபிஎம் ஏறும். 'ரெண்டு பேணி போடு' என்கிற கதையை விட்டுவிட்டு ஒரு தராசு வாங்குங்கள். தடாகம் திறந்திருக்கும் நேரமெல்லாம் சுயாதீனக் குளோரின், அதாவது கிருமியைக் கொல்ல மிஞ்சியிருக்கிற குளோரின், 2 முதல் 3 பிபிஎம்முக்குள்ளும், தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டுகிற பிஎச் 7.2 முதல் 7.8க்குள்ளும் நிற்க வேண்டும். திறக்க முன் ஒரு சோதனை, மத்தியானம் ஒன்று, மூட முன் ஒன்று. மூன்றையும் நேரம் போட்டு ஒரு கொப்பியில் எழுத வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கேட்டால் நீட்டுவதற்கும் அந்தக் கொப்பிதான் கைகொடுக்கும்.

வன்னி வெயிலில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வெயில் குளோரினை அழிக்காமல் காக்கிற மருந்து சயனூரிக் அமிலம். அது இல்லாத தண்ணீரில், உச்சி வெயில் நேரத்தில் குளோரின் ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே பாதியாகிவிடும். காலையில் போட்டுவிட்டுப் பின்னேரம் பெடியளை இறக்கினால், அவர்கள் இறங்குவது வெறும் தண்ணீரில். அந்த அமிலத்தை 30 முதல் 50 பிபிஎம் அளவில் வைத்திருங்கள், பெரிய அளவில் குளோரின் போடுவதைப் பொழுதுபட்டு மூடிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். குளோரின் வில்லைகள் பாவிக்கிறீர்கள் என்றால் கவனம். அவற்றுக்குள்ளேயே அந்த அமிலம் இருக்கிறது, அது ஆவியாகாது, சேர்ந்துகொண்டே போகும். அளவு மிஞ்சினால் எவ்வளவு குளோரின் போட்டாலும் வேலை செய்யாது. பிறகு ஒரு பகுதித் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுவதைத் தவிர வழியில்லை.

குழாய்க் கிணறு என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதென்றால் அது கடினத் தண்ணீர். பிஎச் 7.8ஐத் தாண்டினால் அந்தக் கல்சியம் வடிகட்டி மணலிலும் குழாயிலும் படியும், தண்ணீரும் மங்கலாகும். நீங்கள் போடுகிற தூளும் கல்சியம் ஹைப்போகுளோரைட்தான், அதுவும் தன் பங்குக்குக் கல்சியத்தைச் சேர்க்கும். இப்படிப்பட்ட தண்ணீருக்குத் திரவக் குளோரின் (சோடியம் ஹைப்போகுளோரைட்) பொருத்தம். ஆனால் அது சூட்டில் வலுவிழக்கும். மலிவென்று ஆறு மாதத்துக்கு வாங்கி அடுக்க வேண்டாம்.

எந்த மருந்தானாலும் வாளியில் முதலில் தண்ணீர், பிறகுதான் மருந்து. மாறிச் செய்யக் கூடாது. தூளையும் வில்லையையும் ஒரே வாளியில், ஒரே கரண்டியில் கலக்கவே கூடாது, வெடிக்கும். அமிலம் குளோரினோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும். மூன்றையும் தனித்தனியாக, பூட்டிய, காற்றோட்டமுள்ள அறையில் வையுங்கள். ஜெனரேற்றர் டீசலும் புல் வெட்டுகிற மெசினின் பெற்றோலும் அந்த அறைக்குப் போகக் கூடாது. இதை வாயால் சொல்லிவிட்டு விடாமல் சுவரில் பெரிதாக எழுதிப் போடுங்கள்.

இறங்க முன் சவர்க்காரம் போட்டுக் குளிக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம். வயலால் வந்த காலோடும், தலையில் வழிகிற தேங்காயெண்ணெயோடும் நேரே குதிக்கிற ஊர் நம்முடையது. வாய்க்காலில் அது ஓடிப் போய்விடும். தடாகத்தில் அங்கேயேதான் சுற்றிக்கொண்டு நிற்கும். வயிற்றோட்டம் வந்த பிள்ளையை, நின்ற பிறகும் இரண்டு கிழமைக்கு இறக்க வேண்டாம்.

வாய்க்காலில் பழகிய பெடியளுக்கு நீந்தத் தெரியும், உண்மைதான். ஆனால் 1.2 மீற்றர் தண்ணீரில் தலைகீழாகப் பாய்ந்து கழுத்தெலும்பு முறிவதும் அவர்களுக்குத்தான். பாய்ச்சலுக்கு முழுத் தடை போடுங்கள். கரையில் உயிர்காப்பாளர் இல்லாமல் ஒருவரும் இறங்கக் கூடாது, தண்ணீரைப் பார்க்கிறவரே அந்த வேலையையும் பார்க்கட்டும் என்று மிச்சம் பிடிக்கவும் கூடாது. இலங்கை உயிர்காப்புச் சங்கம் பயிற்சி கொடுக்கிறது. ஊரில் இரண்டு பெடியளையும் இரண்டு பெட்டையளையும் அனுப்புங்கள். தண்ணீரில் மூழ்கினவருக்கு முதலில் கொடுக்க வேண்டியது மூச்சு, அதன் பிறகுதான் நெஞ்சு அமுக்கல் என்பதையும், 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும் என்பதையும் நிர்வாகத்தில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இரண்டு பெட்டையள் என்று நான் எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. 'பெண்கள் வருவதில்லை' என்று நீங்கள் எழுதியதை வாசிக்க எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. எப்படி வருவார்கள், தம்பி? வீதியால் போகிறவனுக்குத் தெரிகிற தடாகம், கரையில் போனோடு இருக்கிற பெடியள், ஆண் காவலாளி. முதலில் மறைப்பு. தகரம் அடிக்கக் காசில்லையென்றால் கிடுகு போதும். அடுத்தது நேரம். காலை ஆறு மணியை ஒதுக்கிவிட்டு 'நாங்கள் குடுத்தனாங்கள், அவையள்தான் வரேல்லை' என்று சொல்லாதீர்கள், அந்த நேரம் அவர்கள் அடுப்படியில் நிற்பார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு ஒன்பதிலிருந்து பதினொன்று வரை சரிவரும். வேலைக்குப் போகிறவர்களுக்குச் சனிக்கிழமை பின்னேரம். அந்த நேரத்தில் வாசலிலும் கரையிலும் பெண்கள்தான் நிற்க வேண்டும். பம் பழுதென்று ஒரு ஆணும் உள்ளே போகக் கூடாது, பழுது பதினொரு மணிவரை காத்திருக்கும். கைத்தொலைபேசியை வாசலில் வாங்கி வையுங்கள், நிர்வாகத்தாரின் போனையும் சேர்த்துத்தான். ஒரு படம் வெளியே போனால் பிறகு ஒரு பெண்ணும் வரமாட்டாள், வந்தவளையும் வீட்டில் விடமாட்டார்கள்.

உடுப்பைப் பற்றிச் சண்டை பிடிக்க வேண்டாம். நீச்சலுடைதான் போட வேண்டும் என்று பலகை வைத்தால் கதை அதோடு முடிந்தது. முழுக்கை ரீசேட்டும் நீளக் காற்சட்டையும், நைலோன் துணியில், தடாகத்துக்கென்றே வைத்திருந்தால் போதும். பருத்திச் சட்டையும் சேலையும் மட்டும் வேண்டாம். நனைந்தால் பாரம், காலில் சுற்றும், நூல் வடிகட்டியை அடைக்கும்.

வருகிறவர்களுக்கு முதலில் நீச்சல் பழக்காதீர்கள், நடக்க விடுங்கள். உங்கள் நலவாழ்வுத் திட்டம் இங்கேதான் தொடங்குகிறது. இடுப்பளவு தண்ணீரில் நின்றால் உடல் நிறையில் பாதியளவுதான் காலில் இறங்கும், மார்பளவில் மூன்றிலொன்று. முழங்கால் நோவால் தரையில் நடக்க ஏலாத அம்மா தண்ணீரில் அரை மணித்தியாலம் நடப்பா. கிளினிக்கில் பிரஷருக்கும் சலரோகத்துக்கும் மருந்து எடுப்பவர்களைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். வைத்தியரிடம் கேட்டுவிட்டு வரட்டும், மருந்தை நிறுத்தாமல் வரட்டும். இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றோடு இறங்கக் கூடாது, கரையில் சீனி கரைத்த தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். சலரோகக்காரரின் பாதத்தை ஒவ்வொரு முறையும் பாருங்கள், புண் இருந்தால் அன்றைக்கு இல்லை. வலிப்பு உள்ளவரைத் தனியே விடக் கூடாது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு ஒரு கடிதம் கொடுத்து, மாதம் ஒருமுறை பிரஷரும் சீனியும் பார்க்க ஆள் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள்.

உங்கள் பகுதியில் 2009இல் காலை இழந்தவர்கள், முள்ளந்தண்டில் காயப்பட்டவர்கள், உடம்புக்குள் ஷெல் துண்டோடு திரிகிறவர்கள் இருக்கிறார்கள். தடாகம் மற்ற எவரையும் விட அவர்களுக்குத்தான் கூடுதலாக உதவும். ஆனால் உங்கள் தடாகத்தில் ஏணி மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கைபிடியோடு ஒரு சாய்தளம் போடுங்கள். உணர்ச்சியில்லாத காலைச் சொரசொரப்பான தரை உரசினால் அவருக்குத் தெரியாது, அந்தச் சிறு காயம் மாதக்கணக்கில் ஆறாத புண்ணாகும். அவர்களுக்கு இறப்பர்ப் பாய் விரித்து, கூட ஓராள் இறங்க வேண்டும். சாதாரணச் செயற்கைக் காலோடு தண்ணீரில் இறங்க விடாதீர்கள். காயம் கசிகிறவருக்கு முதலில் வைத்தியசாலை.

காசுக்கு வருவோம். மூன்று குதிரைவலுப் பம் என்றால் சுமார் 2.2 கிலோவாற். தண்ணீர் முழுவதும் வடிகட்டியால் போய்வர ஆறு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கக் கூடாது, நாளுக்கு ஒருமுறை மட்டும் போய்வந்தால் காணாது, ஆகவே நாளுக்குப் பத்து மணித்தியாலமாவது ஓட வேண்டும். 22 யுனிற், மாதம் 660. மிச்சம் பிடிக்கிறோம் என்று பம்மை நிறுத்தினால் அந்தக் காசு குளோரினில் போகும். லண்டனுக்கு எழுதுங்கள்: மெசினுக்கான காசை, வெயிலில் கரண்ட் எடுக்கிற சூரியகலமாக மாற்றித் தாருங்கள், இரண்டு வருடச் சம்பளத்தை நிலைவைப்பில் போடுங்கள் என்று. கல்வெட்டில் பெயர் பொறிக்கக் காசு கொடுப்பவர்கள் சம்பளத்துக்குக் கொடுக்க யோசிப்பார்கள், அதனால் மாதக் கணக்கைப் படமெடுத்து அனுப்பிக்கொண்டே இருங்கள். ஊரில் குடும்பத்துக்கு ஒரு சிறிய மாதச் சந்தா வையுங்கள், இயலாதவர்களுக்கு இலவசம். வலயக் கல்வி அலுவலகத்தோடு பேசி அயல் பள்ளிக்கூடங்களை நேரம் பிரித்து எடுங்கள்.

தலைவரின் பெயின்ற்றை இன்றைக்கே நிறுத்துங்கள். ஐப்பசி தொடங்கி மாரி முடியும்வரை உங்கள் பக்கம் நிலத்தடி நீர் மேலே நிற்கும். அந்த நேரம் தடாகத்தை வெறுமையாக்கினால், கீழிருந்து தள்ளுகிற நீர் முழுத் தொட்டியையும் தூக்கும், தளம் வெடிக்கும். உள்ளே நிற்கிற தண்ணீரின் பாரம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. மழைத் தண்ணீர் சேர்ந்து விளிம்புக்கு வந்தால் கொஞ்சம் இறையுங்கள், குளோரினைத் திரும்பச் சோதியுங்கள். ஒருவரும் வராத கிழமையிலும் பம்மும் குளோரினும் நிற்கக் கூடாது, நின்றால் நுளம்புக் குடம்பிக்காக உங்கள் பெயரில் வழக்கு வரும். பெயின்ற் ஆவணியில் அடிக்கலாம். ஆனால் அப்போது கிணறு வற்றியிருக்கும், வெயிலில் நாளுக்கு ஐந்தாறு மில்லிமீற்றர், அதாவது எழுநூறு லீற்றர் வரை ஆவியாகவே போகும், 144,000 லீற்றரை எங்கிருந்து நிரப்புவது என்பதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். இறைக்கிற தண்ணீரை இரண்டு மூன்று நாள் குளோரின் போடாமல் வெயிலில் விட்டு, சோதனையில் பூச்சியம் காட்டிய பிறகுதான் வாய்க்கால் பக்கம் திருப்ப வேண்டும்.