கப்பலில் ஞாயிறு பூசை கிடைக்குமா?

வணக்கம். சியாட்டிலிலிருந்து ஏழு நாள் அலாஸ்கா பயணம், ஞாயிறு பூசை, அதாவது கத்தோலிக்கத் திருப்பலி, தவறிவிடுமோ என்று அம்மா கலங்குகிறார் என எழுதியிருந்தீர்கள். கப்பலில் குருவானவர் இருப்பார் என்று நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். உங்கள் பயணத் தேதியைச் சொல்லி, நிறுவனத்திடம் முன்பே கேட்டுவிடுங்கள். ஹாலந்து அமெரிக்கா லைன் என்ற கப்பல் நிறுவனம் நெடுங்காலமாகக் கத்தோலிக்கக் குருக்களை ஏற்றிச் செல்வதற்குப் பெயர் பெற்றது.

ஒன்றில் ஏமாந்துவிடாதீர்கள்: நிகழ்ச்சித் தாளில் ‘அனைத்துச் சபைப் பொது வழிபாடு’ என்றிருந்தால் அது திருப்பலி அல்ல, ஊழியரோ பயணியோ முன்னின்று நடத்தும் ஜெபக்கூட்டமாகவே இருக்கும். ஆனால் விடுமுறைப் பயணியாக வந்த குருவானவர் யாராவது ஓர் ஓரத்து அறையில் பூசை வைப்பதும் உண்டு. ஏறியதும் வரவேற்பு மேசையில் விசாரியுங்கள்.

கப்பல் ஞாயிறன்று புறப்படுகிறதென்றால் கவலையே வேண்டாம், சனி மாலை சியாட்டிலில் பூசை கண்டாலே ஞாயிறு பூசைக் கடமை தீர்ந்தது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், பிரிவு 1248 அதை ஏற்கிறது. குருவே இல்லாத இடத்தில் குடும்பமாக ஜெபிக்கும்படி அதே பிரிவு பரிந்துரைக்கிறது. அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

கப்பல் அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவில் நின்றால், அங்கே நகருக்குள்ளேயே ஒரு பேராலயம் இருக்கிறது. வழி ஏற்றம்தான், முழங்கால் வலி இருந்தால் டாக்சி பிடியுங்கள்.