பாஷ் ஸ்கிரிப்டில் விண்டோஸ் பாதையை 'செட்' கொண்டு மாற்றினால் போதாதா?

போதாது என்பதே என் பதில். பலதுறைத் தொழிற்கல்லூரியின் இறுதியாண்டில் வேலைப் பயிற்சிக்குச் சென்றிருக்கும் நீங்கள், பின்சாய்கோடுகளை எல்லாம் சாய்கோடுகளாக்கி, 'சி:' என்பதை '/சி' ஆக்கும் ஒரு 'செட்' (sed, உரையைத் தேடி மாற்றும் கட்டளை) வரியை எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் மடிக்கணினியின் கிட் பாஷில் (விண்டோஸில் பாஷ் கட்டளைகளை ஓட்ட உதவும் நிரல்) ஓடியது என்றும், நிறுவனக் கணினியின் டபிள்யூஎஸ்எல்லில் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) 'அப்படியொரு கோப்புறை இல்லை' என்று நின்றுவிட்டது என்றும் சொல்கிறீர்கள். உங்கள் வரியில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. ஒரே சி டிரைவுக்குக் கிட் பாஷில் /சி என்றும், விண்டோஸில் யூனிக்ஸ் கருவிகளைத் தரும் சிக்வினில் /சிக்டிரைவ்/சி என்றும், டபிள்யூஎஸ்எல்லில் /எம்என்டி/சி என்றும் வெவ்வேறு பெயர்கள் உள்ளன. இவையும் இயல்பமைவுகள்தாம், நிர்வாகி நினைத்தால் மாற்றிவிடலாம்.

ஆகவே அந்தப் பெயரை நாமே ஊகிக்காமல், அறிந்த கருவியிடம் கேட்பதே சரி. சிக்வினிலும் கிட் பாஷிலும் 'சிக்பாத்', டபிள்யூஎஸ்எல்லில் 'டபிள்யூஎஸ்எல்பாத்' என்னும் கட்டளை கூடவே வருகிறது. இரண்டிலும் -யு யூனிக்ஸ் வடிவத்தையும், -டபிள்யூ விண்டோஸ் வடிவத்தையும், -எம் டிரைவ் எழுத்தோடு சாய்கோடுகளைக் கொண்ட கலப்பு வடிவத்தையும் தருகின்றன. பாதையை விண்டோஸ் நிரல் ஒன்றுக்குக் கொடுக்கும்போது நான் பெரும்பாலும் -எம் வடிவத்தையே விரும்புகிறேன். பின்சாய்கோடு இல்லாததால் மேற்கோள் தொல்லை பாதி குறைகிறது. ஆனால் விண்டோஸின் கட்டளை நிரலான சிஎம்டியின் உள்கட்டளைகளுக்கு -டபிள்யூ தான் வேண்டும். விண்டோஸின் முன்னோடியான டாஸின் முதல் பதிப்பிலேயே சாய்கோடு தேர்வுக்குறியாகிவிட்டது; 1983இல் வெளிவந்த 2.0 பதிப்பில் கோப்புறைகள் வந்தபோது பாதைக்குப் பின்சாய்கோட்டை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த வழக்கம் இன்னும் தொடர்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அது எனக்கு ஓர் இரவின் வேலையைப் பறித்தது. ஜூரோங்கில் உள்ள ஒரு கிடங்கின் சரக்கு அறிக்கைகளை இரவில் தொகுக்கும் ஸ்கிரிப்டை, கிட் பாஷிலிருந்து டாக்கர் (நிரல்களைக் கொள்கலன் எனப்படும் தனித்த லினக்ஸ் சூழலில் ஓட்டும் கருவி) வழியாக ஓட்டிக்கொண்டிருந்தேன். கொள்கலனுக்குள் இருக்கும் நிரலுக்கு /டேட்டா என்ற பாதையைக் கொடுத்திருந்தேன். காலைப் பணிக்கு வந்தவர்கள் அறிக்கை எதுவும் இல்லை என்று தொலைபேசியில் அழைத்தார்கள். பதிவேட்டிலோ பிழை எதுவும் இல்லை. கிட் பாஷின் அடித்தளமான எம்சிஸ், விண்டோஸ் நிரல் ஒன்றை அழைக்கும்போது யூனிக்ஸ் பாதைபோல் தோன்றும் ஒவ்வொரு வாதத்தையும் (கட்டளையோடு கொடுக்கும் மதிப்பு) தானாகவே மாற்றிவிடுகிறது. எனவே /டேட்டா என்பது, கிட் நிறுவப்பட்ட கோப்புறையை முன்னொட்டாகக் கொண்ட 'சி:/புரோகிராம் ஃபைல்ஸ்/கிட்/டேட்டா' ஆகிவிட்டது. லினக்ஸுக்கு அது முழுப் பாதை அன்று. 'சி:' என்பதும் அதற்கு வெறும் கோப்புறைப் பெயர்தான். நிரல் அப்படியே கோப்புறைகளை உருவாக்கி, அறிக்கைகளை அவற்றில் எழுதியது; வேலை முடிந்து கொள்கலன் அழிக்கப்பட்டபோது அவையும் அழிந்தன.

கிட் ஃபார் விண்டோஸில் எம்சிஸ்_நோ_பாத்கான்வ் என்ற மாறிக்கு 1 என்ற மதிப்பை அந்தக் கட்டளையின் முன்னால் மட்டும் வைத்தால் இந்தத் தானியங்கி மாற்றம் நிற்கும். ஸ்கிரிப்ட் முழுவதற்கும் எக்ஸ்போர்ட் செய்யாதீர்கள், ஏனெனில் அதை நம்பியிருக்கும் மற்ற வரிகள் உடைந்துபோகும். மாற்றத்தை நிறுத்திய வரியில், நம் கணினியில் உள்ள பாதையை மட்டும் 'சிக்பாத் -எம்' கொண்டு நாமே மாற்றிக் கொடுக்க வேண்டும்.

நிரல்களைத் தேட வேண்டிய கோப்புறைகளைக் கொண்ட பாத் மாறியைப் போன்ற பட்டியல்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு: யூனிக்ஸ் அவற்றை முக்காற்புள்ளியால் பிரிக்கிறது, விண்டோஸோ டிரைவ் எழுத்துக்கு அடுத்து முக்காற்புள்ளியை வைப்பதால் அரைப்புள்ளியால் பிரிக்கிறது. 'சிக்பாத்' கட்டளையின் -பி தேர்வு இதைக் கையாள்கிறது. டபிள்யூஎஸ்எல்லில், விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் இடையே மாறிகளைக் கடத்தும் டபிள்யூஎஸ்எல்இஎன்வி என்ற மாறியில், அனுப்ப வேண்டிய மாறியின் பெயரோடு /எல் என்ற கொடியைச் சேர்த்தால் பட்டியல் மாற்றப்பட்டுச் செல்லும்.

எந்தக் கருவியும் தன்னிடம் வந்துசேர்ந்த எழுத்துகளைத்தான் மாற்றும். மேற்கோள் இல்லாமல் எழுதிய பாதையின் பின்சாய்கோடுகளைப் பாஷ் முன்பே விழுங்கிவிடும். கோப்பிலிருந்து வரிவரியாகப் படிக்கும் 'ரீட்' கட்டளையும் -ஆர் தேர்வு இல்லாவிட்டால் அவ்வாறே செய்யும். நேரடியாக எழுதும் பாதைகளை ஒற்றை மேற்கோளிலும், மாறிகளை இரட்டை மேற்கோளிலும் வையுங்கள். 'மாத அறிக்கை' போன்று இடைவெளி உள்ள பெயர்கள் அப்போதுதான் இரண்டாக உடையாமல் நிற்கும். விண்டோஸில் எழுத்துப் பெயர் கொடுத்து இணைத்திருக்கும் பிணைய டிரைவ்களை டபிள்யூஎஸ்எல் தானாக ஏற்றுவதில்லை. உங்கள் நிறுவனத்தின் கோப்புகள் அத்தகைய டிரைவில் இருந்தால், விண்டோஸ் டிரைவ்களுக்கான 'டிஆர்விஎஃப்எஸ்' வகையில் மவுண்ட் செய்த (லினக்ஸில் இணைத்த) பிறகே பாதையை மாற்ற முயலுங்கள்.